அருந்ததி அந்தப் பக்கம் இல்லை

பாயான் பாருவில் நட்சத்திரம் பார்க்க ஆசைப்பட்டால் முதலில் ஜன்னலைச் சாத்த வேண்டும். பிறகு கணினியைத் திறக்க வேண்டும். ஜன்னல் வழியே மினுக்குவதெல்லாம் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் இறங்கக் காத்திருக்கும் விமானங்கள். அவை ஓய்ந்த நேரத்தில், 1972இல் தொடங்கிய தொழிற்பேட்டையின் இரவு ஷிப்டு வெளிச்சம் மேகத்தில் பட்டு வானமே வெளிறிக் கிடக்கும். வியாழனோ வெள்ளியோ கண்ணில் பட்டால் அன்று எங்கள் மாடியில் திருவிழா.

அதனால் எங்கள் வீட்டு வானம் ஸ்டெல்லேரியத்தில் இருக்கிறது. ஃபாபியன் ஷெரோ என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கிய இலவச மென்பொருள் அது. முதலில் வெளிவந்தது 2001இல், '1.0' என்று தைரியமாக எண் போட்டுக்கொண்டது 2022 அக்டோபரில். வானத்தையே கட்டி முடிக்க 21 வருடம் ஆகியிருக்கிறதே, லிஃப்டைச் சரிசெய்ய இன்னும் கொஞ்சம் பொறுக்கக் கூடாதா என்று எங்கள் பிளாட் நிர்வாகம் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

திறந்தவுடன் பிரான்சு நாட்டுக் கிராமப் புல்வெளி ஒன்று வரும். ஊர்ப் பெயரைப் பினாங்கு என்று மாற்றினாலும் புல்வெளி அசையாது. கைலி கட்டிக்கொண்டு பிரெஞ்சு மரத்தடியில் நின்றுதான் எங்கள் வானத்தைப் பார்க்கிறோம். விசைப்பலகையில் 'ஜி'யைத் தட்டினால் தரை மறைந்து காலுக்கடியில் உள்ள வானமும் தெரியும். 'ஏ'யைத் தட்டினால் காற்று மண்டலம் காணாமல் போய்ப் பட்டப்பகலில் நட்சத்திரம் தெரியும். மகளின் பள்ளிப் பாடத்துக்காக இறக்கியது இது. அவள் இரண்டு நாளில் பாடத்தை முடித்துவிட்டாள். பிறகு அத்தை வந்து உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளை, சனி எங்க இருக்காரு, காட்டுங்க."

காட்டினேன். பெரிதாக்கினால் வளையம் வந்தது. அத்தை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உற்றுப் பார்த்தார். "இடுப்பில இவ்வளவு பெரிய ஒட்டியாணம் போட்டுக்கிட்டா நம்மள வாட்டுறாரு?"

அவர் வந்த காரியம் வேறு. 2023 சனிப்பெயர்ச்சி எந்த நாள் என்பதில் அவருக்கும் அவர் தங்கைக்கும் அதுவரை பேச்சுவார்த்தை இல்லை. திருக்கணிதப்படி சனி கும்பத்துக்குப் போனது அந்த வருடம் ஜனவரி 17. திருநள்ளாறு பின்பற்றும் வாக்கியப் பஞ்சாங்கப்படி டிசம்பர் 20. பழைய வாய்பாட்டை அப்படியே வைத்துக் கணிப்பது வாக்கியம். இன்றைய கணக்குப்படி கோளின் இடத்தைத் திருத்திக்கொள்வது திருக்கணிதம். இடையில் பதினொரு மாதம், இரண்டு சகோதரிகள்.

கணினி தீர்ப்புச் சொல்லட்டும் என்று தேதியைப் பின்னால் ஓட்டினேன். அது மூன்றாவதாக ஒரு நாளைச் சொன்னது: பிப்ரவரி நடுவில். ஜோதிடத்தில் ராசி ஒவ்வொன்றும் சரிசமமாக 30 பாகை. வானியலாளர்களோ 1930இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த டெல்போர்ட் வரைந்த எல்லைக்கோட்டை வைத்திருக்கிறார்கள். 88 விண்மீன் குழுக்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பரப்பு. பாகப்பிரிவினை நடந்த வீட்டில் பிறந்த அத்தைக்கு இது உடனே விளங்கிவிட்டது. "அப்ப மூணு தடவ எள் விளக்குப் போட்டிருக்கணும்" என்றார். தங்கைக்கு அன்றே போன் போனது. இருவரும் தப்பு என்று தெரிந்ததில் சமாதானம்.

இப்படி வேலை செய்யும் பொருளை வீட்டில் சும்மா விடுவார்களா? அடுத்து என் மனைவி வந்தாள். எங்கள் கல்யாணம் வைகாசியில், ஜூன் முதல் வாரம், காலை பத்து மணி முகூர்த்தம். அம்மி மிதித்ததும் குருக்கள் அருந்ததி பாருங்கள் என்று மண்டபத்து வாசல் பக்கம் கை நீட்டினார். நானும் பயபக்தியோடு மின்விசிறியைப் பார்த்தேன்.

தேதியையும் நேரத்தையும் போட்டு 'ஏ'யைத் தட்டினோம். சூரியன் கிழக்கில்தான் இருந்தது. எங்கள் கடிகாரத்துக்குப் பத்து மணி, சூரியனுக்கு அப்போது எட்டே முக்கால். 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியதும் அதற்கு ஒரு காரணம். சப்தரிஷி மண்டலத்தைத் தேடினால் எங்கும் இல்லை. 'ஜி'யைத் தட்டினோம். நேர் வடக்கே, அடிவானத்துக்குக் கீழே 30 பாகையில் வசிஷ்டரும் அருந்ததியும் நிம்மதியாக இருந்தார்கள்.

அதாவது குருக்கள் காட்டியிருக்க வேண்டியது மண்டபத்துத் தரையை.

"நான் தரையைத்தான் பார்த்தேன்" என்றாள் மனைவி. "அம்மியில கால் வழுக்கிடுமோன்னு பயம்." முப்பரிமாண ஆதாரத்தோடு அவள் வென்ற முதல் வாக்குவாதம் அது. ஆதாரம் இல்லாமல் வென்றவற்றுக்குக் கணக்கில்லை.

இரவில் கல்யாணம் வைத்திருந்தாலும் பெரிய லாபமில்லை. அருந்ததி நான்காம் ஒளித்தர விண்மீன். வசிஷ்டருக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பிரித்துப் பார்க்க நல்ல கண்ணும் இருட்டும் வேண்டும். ஸ்டெல்லேரியத்தில் ஒளி மாசை ஒன்றிலிருந்து ஒன்பது வரை கூட்டலாம். எங்கள் ஊருக்கு ஏற்றபடி வைத்தால் திரையில் முதலில் காணாமல் போகிறவர்களில் அருந்ததியும் ஒருவர். துருவ நட்சத்திரமோ பினாங்கில் அடிவானத்திலிருந்து 5 பாகைதான் மேலே ஏறும். எதிர் பிளாக்கின் இரண்டாம் மாடியில் துணி காயப்போட்டாலே மறைந்துவிடும்.

போன தை மாதம் மச்சானின் மகளுக்குக் கல்யாணம். பேத்தியாவது உண்மையான அருந்ததியைப் பார்க்க வேண்டும் என்பது அத்தையின் உத்தரவு. பார்த்துச் சொன்னேன்: தை நடுவில் காலை பத்து மணிக்கு அருந்ததி வடமேற்கே 22 பாகை உயரத்தில் நன்றாகவே இருக்கிறாள்; பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். அத்தை அதைக் காகிதத்தில் எழுதிக் குருக்களிடம் கொடுத்தார். அவர் மணவறையில் உட்கார்ந்தபடியே திசையைக் கணக்குப் பார்த்து, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வடமேற்கே கை நீட்டினார்.

அந்தப் பக்கம் பந்தி. வந்தவர்கள் எல்லாரும் ஏற்கெனவே அருந்ததியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.