வில்டபீஸ்ட் பார்க்கப் போன துரைமார்கள்

மாட்டுக் கொம்பு, ஆட்டுத் தாடி, குதிரை வால். வில்டபீஸ்டுக்கு லட்சணம் கொஞ்சம் மட்டுதான். ஆனால் நேரந்தவறாமை உண்டு. வருட ஆரம்பத்தில் தான்சானியாவின் செரெங்கெட்டி தெற்குச் சமவெளியில் குட்டி போடும். புல் காய்ந்ததும் வடமேற்கே கிளம்பி, க்ருமெட்டி ஆற்றைத் தாண்டி, ஜூலை வாக்கில் மாரா ஆற்றங்கரையில் வந்து நிற்கும். முதலைகளுக்கு நடுவே நீந்தி, கென்யாவின் மசாய் மாராவுக்குள் ஏறி மேய்ந்துவிட்டு, தெற்கே மழை விழுந்த வாசனை வந்ததும் திரும்பிவிடும். பாஸ்போர்ட் கிடையாது, விசா கிடையாது, டிராவல் ஏஜென்ட்டுக்குக் கமிஷன் கிடையாது.

இதில் வேடிக்கை ஒன்றுமில்லை. வேடிக்கை எல்லாம் அதைப் பார்க்கப் போனவர்கள் பக்கம்தான்.

கதை ஒரு மாட்டு நோயில் தொடங்குகிறது. 1880களில் ஐரோப்பாக்காரர்கள் ஆப்பிரிக்காவைப் பங்கு பிரித்துக்கொண்டிருந்தார்கள். பந்திக்குப் பிந்திய இத்தாலிக்காரர்கள், மிச்சமிருந்ததையாவது பிடிப்போம் என்று எரித்திரியக் கரையில் படையை இறக்கினார்கள். படைக்குத் தீனி வேண்டாமா? கப்பலில் மாடுகள் வந்தன. மாடுகளோடு, 1887 வாக்கில், வெக்கை நோயும் வந்து இறங்கியது. அவை இந்தியாவிலிருந்து போன மாடுகள் என்று சரித்திரக்காரர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். ஆக, இந்தக் கதையில் நமக்கும் ஒரு பங்கு உண்டு; பெருமைப்படத்தான் வழியில்லை.

இத்தாலியப் படை எங்கே போய் முட்டிக்கொண்டு நின்றதோ தெரியாது, நோய் நிற்கவில்லை. பத்தே வருடத்தில் கண்டத்தின் தென்கோடிவரை போய்ச் சேர்ந்துவிட்டது. போன வழியில் பத்து மாட்டில் எட்டு, ஒன்பது செத்தன. மாடே சொத்து, மாடே சாப்பாடு, மாடே சீர்வரிசை என்று வாழ்ந்த மசாய் மக்கள் பட்டினியில் விழுந்தார்கள். பின்னாலேயே பெரியம்மையும் வந்தது. 1892-இல் செரெங்கெட்டியை ஒட்டிய ங்கொரொங்கொரோ பக்கம் போன ஆஸ்திரியப் பயணி ஆஸ்கர் பௌமான் எலும்பும் தோலுமான மனிதர்களைத்தான் பார்த்தார். வில்டபீஸ்டும் காட்டெருமையும் கூட்டம் கூட்டமாகச் செத்தன.

இந்த இழவு வீட்டுக்குள்தான் துரைமார்கள் அடுத்தடுத்து வந்தார்கள். சுற்றும்முற்றும் பார்த்தார்கள். ஆளில்லை, மாடில்லை. "ஆஹா, மனிதக் கால் படாத கன்னி நிலம்!" என்று பரவசப்பட்டார்கள். சாவு விழுந்து காலியான வீட்டை வாடகைக்கு வந்த வீடு என்று நினைத்துக்கொண்ட முதல் கோஷ்டி அதுதான். கடைசிக் கோஷ்டி இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.

நடந்து போக துரைமாருக்குக் கால் வலித்தது. எனவே 1896-இல் மொம்பாஸாவிலிருந்து ரயில் பாதை போட ஆரம்பித்தார்கள். போட்டவர்கள் இந்தியாவிலிருந்து, பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து, கொண்டுபோன சுமார் 32,000 கூலித் தொழிலாளர்கள். அவர்களில் ஏறக்குறைய 2,500 பேர் திரும்பவில்லை. 1898-இல் சாவோ என்ற இடத்தில் பாலம் கட்டும்போது இரண்டு சிங்கங்கள் ராத்திரி ராத்திரி கூடாரம் புகுந்து ஆட்களைத் தூக்கின. பிடரி மயிர் இல்லாத ஆண் சிங்கங்கள். எஞ்சினியர் பேட்டர்சன் துரை மாதக்கணக்கில் மரத்திலும் பரணிலும் காத்திருந்து இரண்டையும் சுட்டார். சிங்கம் தின்றது 135 பேரை என்று பின்னாளில் கணக்குச் சொன்னார். 2009-இல் விஞ்ஞானிகள் சிங்கங்களின் எலும்பையும் முடியையும் சோதித்துவிட்டு, அநேகமாக 35 பேர் இருக்கும் என்றார்கள். நூறு பேரைத் துரையின் பேனா தின்றிருக்கிறது. தோல்கள் இரண்டும் கால் நூற்றாண்டு அவர் வீட்டுத் தரையில் விரிப்பாகக் கிடந்து மிதிபட்டன. 1924-இல் சிகாகோ அருங்காட்சியகத்துக்கு 5,000 டாலருக்கு விற்றார். ஆளைத் தின்ற சிங்கத்துக்குக் கிடைத்த விலையில் தின்னப்பட்ட ஆள் எவனுக்கும் ஒரு சல்லிக்காசு போனதாகத் தகவல் இல்லை.

ரயில் வந்தாயிற்று, இனி ராஜாக்கள் வரலாம். வந்தார், தியோடோர் ரூஸ்வெல்ட்.

1909 மார்ச்சில் அமெரிக்க ஜனாதிபதிப் பதவியை விட்டு இறங்கினார் மனிதர். வயது ஐம்பது. பதவி போனால் நம் ஊர்த் தலைவர்கள் கோயில் குளம் போவார்கள். அவர் அதே மாதம் ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறினார், படித்துக்கொண்டிருந்த மகன் கெர்மிட்டையும் கூட்டிக்கொண்டு. சொந்த நாட்டில் காடுகளையும் பறவைகளையும் காப்பாற்றச் சட்டம் மேல் சட்டம் போட்டவர் அவர். அடுத்தவன் காட்டுக்கு அந்தச் சட்டம் செல்லாது போலிருக்கிறது. சும்மா வேட்டை என்றால் பெயர் கெடும். எனவே ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்காக அறிவியல் சேகரிப்பு என்று பெயர் வைத்தார்கள். உலக சமாதானத்துக்கு வாரி வழங்கிய கோடீஸ்வரர் ஆண்ட்ரூ கார்னகி இந்தத் துப்பாக்கி யாத்திரைக்கும் பணம் கொடுத்தார். ரூஸ்வெல்ட்டிடம் சூடுபட்ட வால் ஸ்ட்ரீட் முதலாளிகளோ, சிங்கங்கள் நலமாக இருக்கட்டும் என்று வாழ்த்திக் கோப்பையை உயர்த்தினார்களாம்.

மொம்பாஸாவில் இறங்கியதும் ரயிலுக்குள் உட்காரவில்லை. எஞ்சினுக்கு முன்னால், மாடு தட்டும் இரும்புக் கம்பிக்கு மேலே ஒரு பெஞ்சு போடச் சொல்லி, அதில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டே போனார். இறங்கிய பிறகுதான் பரிவாரத்தைப் பார்க்க வேண்டும். இருநூறுக்கு மேல் சுமைதூக்கிகள். தோல் பதப்படுத்த மட்டும் நாலு டன் உப்பு. குத்துச்சண்டை வீரர் ஜான் சல்லிவன் அதிர்ஷ்டத்துக்கென்று கொடுத்த முயல் கால் ஒன்று சட்டைப் பையில். அந்த முயலின் அதிர்ஷ்டம் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. கூடாரத்துக்கு மேலே பெரிய அமெரிக்கக் கொடி. ஷேக்ஸ்பியர், ஹோமர் என்று சுமார் அறுபது புத்தகங்கள், அத்தனைக்கும் பன்றித் தோல் அட்டை. ரத்தக் கையோடு புரட்டினாலும் துடைத்துவிடலாம் அல்லவா? அந்தப் பெட்டியைத் தலையில் சுமக்க ஒரு ஆள். இலியட் காவியத்தின் கனத்தை அந்த ஆளைவிட நன்றாக அறிந்த இலக்கிய விமர்சகர் எவரும் இருந்திருக்க முடியாது.

இதில் இன்னொரு விசேஷம்: துரைக்கு இடது கண் தெரியாது. வெள்ளை மாளிகையில் விளையாட்டாகக் குத்துச்சண்டை போட்டதில் போய்விட்டது. மிச்சமிருந்த கண்ணும் கிட்டப்பார்வை. ஆனால் தோட்டாவுக்குப் பஞ்சமில்லை. சுமைதூக்கிகள் எதிரே மரியாதையாகப் பேசிவிட்டு, முதுகுக்குப் பின்னால் 'ப்வானா டும்போ' என்றார்கள். தொப்பைத் துரை என்று பொருள்.

ஒரு வருடம் சுற்றி, 1910 மார்ச்சில் கார்ட்டூம் போய்ச் சேர்ந்தபோது கணக்குப் பார்த்தார்கள். அப்பா சுட்டது 296, மகன் சுட்டது 216, ஆக மொத்தம் 512 விலங்குகள். அதில் சிங்கம் 17, யானை 11, காண்டாமிருகம் 20. பூச்சி, எலி, பறவை எல்லாம் சேர்த்து அமெரிக்காவுக்குப் போனவை 11,000-க்கு மேல். இவ்வளவையும் பதம் பண்ணிப் பெயர் எழுதி முடிக்க அருங்காட்சியகத்துக்கு வருடங்கள் பிடித்தன. துரை மட்டும் தனக்கென்று ரொம்பக் கொஞ்சம்தான் வைத்துக்கொண்டதாகத் தன் பயணப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். அடக்கம்!

அந்தப் புத்தகம் பிய்த்துக்கொண்டு போனது. காசுள்ள ஒவ்வொருவனுக்கும் தானும் ஒரு தொப்பைத் துரை ஆக வேண்டும் என்ற ஆசை வந்தது. நைரோபியில் சஃபாரி ஒரு தொழிலானது. செரெங்கெட்டியில் சிங்கங்களைச் சுட்டுத் தள்ளிய வேகத்தைப் பார்த்துப் பிரிட்டிஷ் அதிகாரிகளே பயந்துபோய், 1920களில் கொஞ்சம் இடத்தைக் காப்பகம் ஆக்கினார்கள்.

1933 கடைசியில் எழுத்தாளர் எர்னஸ்ட் ஹெமிங்வே வந்தார். மீசை சொந்தம், துணிச்சல் சொந்தம், பணம் மட்டும் மனைவி வீட்டுடையது. மனைவி பாலினின் சித்தப்பா 25,000 டாலர் கொடுத்திருந்தார். வந்த சில வாரங்களில் நம் வீரரைச் சாய்த்தது சிங்கமல்ல, சீதபேதி. விமானம் வரவழைத்து, சிகிச்சைக்காக நைரோபிக்கு ஏற்றினார்கள். போகிற வழியில் ஜன்னலில் கிளிமஞ்சாரோ தெரிந்தது. அவருடைய மிகப் புகழ்பெற்ற சிறுகதை ஒன்றுக்கு அந்த மலை தலைப்பானது. வயிற்றுக்கடுப்பு இல்லாவிட்டால் அது கிடைத்திருக்குமா என்பது சந்தேகம். தேறித் திரும்பி வந்தால் அங்கே வேறொரு கடுப்பு. கூட வந்த நண்பர், எந்த ஆர்ப்பாட்டமும் இல்லாமல், எதைச் சுட்டாலும் ஹெமிங்வே சுட்டதைவிடப் பெரிதாகச் சுட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பொறாமையை வைத்து ஒரு முழுப் புத்தகமே எழுதிவிட்டார் மனிதர்.

சுடுகிறவர்கள் காலம் முடிந்து எண்ணுகிறவர்கள் காலம் வந்தது. 1951-இல் செரெங்கெட்டி தேசியப் பூங்கா ஆகியிருந்தது. அதன் எல்லையை மாற்றப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டுத் துடித்தார் ஃபிராங்க்ஃபர்ட் மிருகக்காட்சிசாலை இயக்குநர் பெர்ன்ஹார்ட் க்ரிமெக். அவரும் மகன் மிஷாயேலும் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு, ஒரு சின்ன டோர்னியர் விமானம் வாங்கி, அதற்கு வரிக்குதிரை போலக் கறுப்பு வெள்ளைக் கோடு போட்டு, ஜெர்மனியிலிருந்து ஆப்பிரிக்கா வரை ஓட்டிக்கொண்டே வந்தார்கள். வரிக்குதிரைகள் அதைப் பார்த்து உறவு கொண்டாடியதாகத் தகவல் இல்லை.

மேலே பறந்தபடி தலை எண்ணினார்கள். 1958-இல் முடிவு வந்தது. மொத்தம் 3,66,980 விலங்குகள், அதில் வில்டபீஸ்ட் 99,481. ஒரு லட்சம் என்று சொல்லியிருக்கலாம். ஜெர்மானியர்கள், சொல்ல மாட்டார்கள். 1961-இல் வேறு ஆட்கள் எண்ணியபோது வில்டபீஸ்ட் இரண்டரை லட்சத்துக்கு மேல் இருந்தது. அந்த வேகத்தில் வில்டபீஸ்ட் குட்டி போடாது. ஆக, கடைசி இலக்கம் வரை துல்லியமாகத் தப்பு.

ஆனால் உருப்படியாக ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அதிகாரிகள் மேஜையில் ஸ்கேல் வைத்துப் போட்ட எல்லைக்கோட்டை மந்தை மதிக்கவில்லை; அது பாட்டுக்குப் பூங்காவுக்கு வெளியே போய் மேய்ந்துவிட்டு வந்தது. இதைச் சொல்ல மிஷாயேல் உயிரோடு இல்லை. 1959 ஜனவரியில் அந்த வரிக்குதிரை விமானம் ஒரு பிணந்தின்னிக் கழுகின் மேல் மோதி விழுந்தது. வயது 24. ங்கொரொங்கொரோ பள்ளத்தின் விளிம்பில் புதைத்தார்கள். இருவரும் எடுத்த செரெங்கெட்டி படம் 1960-இல் ஆஸ்கர் வாங்கியது.

அப்பா க்ரிமெக் விடவில்லை. ஜெர்மன் டி.வி.யில் அவருக்கு ஒரு நிகழ்ச்சி இருந்தது. அதில் ஒரு நாள், கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு மலிவு விலையில் குழுச் சுற்றுலா போகலாம் என்று அறிவித்தார். அப்படி ஒரு சுற்றுலாவே கிடையாது! சனம் டிராவல் ஏஜென்சிகளை மொய்க்க, அவர்கள் வேறு வழியில்லாமல் நிஜமாகவே ஒன்றைத் தொடங்கினார்கள். இன்றைய சஃபாரிக் கூட்டத்துக்கு ஒரு மூல காரணம் அந்தப் பச்சைப் பொய்.

அவருக்கு இன்னொரு கொள்கையும் இருந்தது: பூங்காவுக்குள் மனிதனே கூடாது, அந்த மண்ணில் பிறந்தவனும் கூடாது. 1959-இல் பிரிட்டிஷ் அரசு மசாய் மக்களைச் செரெங்கெட்டியிலிருந்து ங்கொரொங்கொரோவுக்குக் கிளப்பியது. அத்தனை காலம் அதே புல்லில் வில்டபீஸ்டோடு மாடு மேய்த்தவர்கள், 512 உருப்படி சுட்டவர்கள் அல்லர். ஆனாலும் காட்டுக்கு ஆபத்து அவர்களால்தான் என்று தீர்ப்பாயிற்று. 2022-இல்கூட, செரெங்கெட்டியை ஒட்டிய லோலியொண்டோவில் 1,500 சதுர கிலோமீட்டருக்குக் கல் நட்டு, எதிர்த்து நின்ற மசாய் மக்களைப் போலீஸ் விரட்டியது. துரை போனாலும் ஸ்கேல் போகவில்லை.

சரி, மந்தையைக் காப்பாற்றியது யார்? துப்பாக்கியைக் கீழே போட்ட துரையா, வரிக்கோடு போட்ட விமானமா? இரண்டுமில்லை, ஊசி. கென்யாவில் வேலை பார்த்த கால்நடை மருத்துவர் வால்டர் பிளோரைட், வெக்கை நோய்க்கு நம்பகமான தடுப்பூசி ஒன்றை உருவாக்கினார். 1950களிலும் 60களிலும் செரெங்கெட்டியைச் சுற்றியிருந்த மாடுகளுக்குத் தடுப்பூசிகள் போட்டார்கள். வில்டபீஸ்டை யாரும் பிடித்து ஊசி போடவில்லை. மாட்டில் நோய் நின்றது. 1963 வாக்கில் காட்டிலும் தானாக நின்றது. அதுவரை வருடா வருடம் செத்த கன்றுகள் பிழைத்தன. 1970களின் கடைசியில் வில்டபீஸ்ட் 13 லட்சம்! அவை புல்லை மேய்ந்து தீர்த்ததில் காட்டுத்தீ குறைந்தது, தீ குறைந்ததில் மரம் கூடியது. 2011-இல் வெக்கை நோய் உலகத்தைவிட்டே ஒழிந்ததாக அறிவித்தார்கள். பிளோரைட் எந்த யானைத் தந்தத்தோடும் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளவில்லை. அதனாலேயே அவர் பெயர் நமக்குத் தெரியாது.

எண்ணும் வியாதி மட்டும் ஒழியவில்லை. 2025-இல் செயற்கைக்கோள் படங்களைக் கணினிக்குக் கொடுத்து எண்ணச் சொன்னார்கள். ஆறு லட்சம்கூடத் தேறவில்லை என்றது. பழைய கணக்கு சரியா, புதுக் கணக்கு சரியா என்று சண்டை நடக்கிறது. வில்டபீஸ்ட் தரப்பில் யாரும் கருத்துச் சொல்லவில்லை.

இப்போது ஆகஸ்டில் மாரா கரைக்குப் போனால், டவுன் பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி ஜீப்புகள் முண்டியடித்து நிற்கும். மந்தை இறங்க வேண்டிய துறையையே சில ஜீப்புகள் மறித்துக்கொள்ளும். சராசரியாக வருடத்துக்கு 6,250 வில்டபீஸ்ட் அந்த ஆற்றில் மூழ்கிச் சாகின்றன. அதில் மீனும் முதலையும் கழுகும் பிழைக்கின்றன. துப்பாக்கி இருந்த இடத்தில் கேமரா வந்திருப்பது நல்ல முன்னேற்றம்தான். முண்டியடிப்பதில் மட்டும் முன்னேற்றம் இல்லை.

வசதி இருந்தால் நீங்களும் போய் வாருங்கள், பார்க்க வேண்டிய காட்சி. துறையை மறிக்காத ஜீப்பாகப் பார்த்து ஏறுங்கள். "மனிதக் கால் படாத காடு" என்று யாராவது ஆரம்பித்தால், இங்கே முன்பு மாடு மேய்த்தவர்கள் இப்போது எங்கே என்று கேளுங்கள். உங்கள் கேமராவில் விழப்போகிற அந்த மாபெரும் மந்தை, மசாய்க்காரர்களின் மாடுகள் போட்டுக்கொண்ட ஊசியில் பிழைத்தது.