மணமற்ற வாயு

ஆல்கேன் கேள்விக்கு விடை எழுதும் கலையில் நம் மாணவர்கள் கரைகண்டுவிட்டார்கள். மீத்தேன், எத்தேன், புரோப்பேன், பியூட்டேன் என்று கந்தசஷ்டிக் கவசம் மாதிரி ஒரே மூச்சில் வருகிறது. கார்பன் எத்தனையோ, அதை இரட்டித்து இரண்டு கூட்டினால் ஹைட்ரஜன். ஏன் இரண்டு என்று கேட்பவன் அதிகப்பிரசங்கி. (வகுப்புக்கு ஒருவன் இருப்பான். அவனைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்புவது மரபு.)

தேர்வறையில் யோசிப்பது வீண். கைடில் உள்ள வரி, உள்ளபடி, அரைப்புள்ளியோடு. முக்கியமான சொல்லுக்கு அடிக்கோடு. புரியாத சொல்லுக்கு இரட்டை அடிக்கோடு.

பக்கத்து வீட்டுப் பையன் பியூட்டேனின் பண்புகளுக்கு 5க்கு 5 வாங்கியவன். நிறமற்றது, மணமற்றது, எளிதில் தீப்பற்றும். அன்று மாலை அவர்கள் சமையலறையில் குப்பென்று வாடை. சிலிண்டரில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும்தான், ஆகவே வாடை வர வாய்ப்பே இல்லை என்று நிறுவிவிட்டு லைட்டைப் போடப் போனான். எட்டாவதில் பெயிலான பாட்டி அவன் கையில் ஒரு தட்டுத் தட்டி, ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்தார்.

கசிவு தெரியட்டும் என்றே எத்தில் மெர்காப்டன் கலக்கிறார்கள் என்றேன்.

“அது அவுட் ஆஃப் சிலபஸ், அங்கிள்” என்றான்.