சுடாத துப்பாக்கியும் சிராங்கூன் தங்கமும்

1911 நவம்பர், பாரிஸ். பால் லாஞ்சவன் என்ற பௌதிக மேதை, கையில் துப்பாக்கியோடு குஸ்தாவ் தேரி என்ற பத்திரிகையாளர் எதிரில் நிற்கிறார். விவகாரம், காதல். காதலி யார் தெரியுமா? மேரி கியூரி. ஆமாம் சார், பாடப் புத்தகத்தில் சிரிக்காமல் உட்கார்ந்திருப்பாரே, அதே மேடம் கியூரிதான்! அவருடைய மறைந்த கணவர் பியர் கியூரி, லாஞ்சவனுக்கு வாத்தியார். லாஞ்சவன் வீட்டிலோ மனைவியும் நான்கு பிள்ளைகளும். அந்தரங்கக் கடிதங்களைத் தேரி அச்சில் ஏற்றிவிட்டார். ரோஷம் வராதா?

வந்தது. ஆனால் தேரி துப்பாக்கியைத் தூக்கவே இல்லை. பிரான்ஸின் அருமையான மூளை ஒன்றைச் சிதறடிக்க அவருக்கு மனசில்லையாம். எதிராளி சும்மா நிற்கும்போது லாஞ்சவன் மட்டும் சுட்டால் அதற்குப் பெயர் கொலை. ஆக, இரண்டு துப்பாக்கி, சத்தம் பூஜ்யம்.

அந்தக் குறை மனசில் தங்கிவிட்டதோ என்னவோ, அடுத்து வந்த உலகப் போரில் மனிதர் சத்தத்தையே துப்பாக்கியாக்கினார். கடலுக்கடியில் ஜெர்மன் நீர்மூழ்கியைத் தேட வேண்டும். மின்சாரம் கொடுத்தால் அதிரும் குவார்ட்ஸ் கல்லை எடுத்து, 1917 வாக்கில் இரண்டு எஃகுத் தகடுகளுக்கு நடுவே வைத்தார். குவார்ட்ஸின் அந்தக் குணத்தை 1881-ல் சோதித்துக் காட்டியவர்கள் பியர் கியூரியும் அவர் அண்ணனும். இதுவும் வாத்தியார் வீட்டுச் சொத்துதான் என்று நான் சொல்லவில்லை, நீங்களே நினைத்துக்கொண்டால் நான் பொறுப்பல்ல.

சாண்ட்விச்சைத் தண்ணீரில் இறக்கி ஸ்விட்சைப் போட்டால், பக்கத்தில் நீந்திய மீன்கள் செத்து மிதந்தன. கையை விட்டுப் பார்த்தவர்கள் வலியில் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்கள். நீர்மூழ்கியின் எதிரொலி ஒழுங்காகக் கிடைக்கும்போது 1918 பிறந்துவிட்டது. அந்த வருஷமே போர் முடிந்துவிட்டது. ஜெர்மானியர் தப்பினார்கள், மீன்கள்தான் பாவம்.

இந்த மீன் படுகொலையை நேரில் பார்த்தவர் ராபர்ட் வுட் என்ற அமெரிக்கப் பேராசிரியர். ஊருக்குத் திரும்பி ஆல்ஃபிரட் லூமிஸிடம் சொன்னார். லூமிஸ் வால் ஸ்ட்ரீட் கோடீஸ்வரர். பணம் சேர்ந்தால் நம் ஆட்கள் கல்யாண மண்டபம் கட்டுவார்கள், இவர் மாளிகையில் லேப் கட்டினார். இருவரும் குவார்ட்ஸுக்கு 50,000 வோல்ட் கொடுத்து விளையாடியதில் தவளை செத்தது. எண்ணெய் மேடாக எழும்பி நின்றது. தெர்மாமீட்டர் சாதாரண வெப்பத்தைத்தான் காட்டியது, ஆனால் அதை அழுத்திப் பிடித்த விரல் சுட்டது! 1927-ல் இதையெல்லாம் ஆராய்ச்சிக் கட்டுரையாகவே போட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் நாம் செய்திருந்தால் பெற்றோரை அழைத்து வரச் சொல்லியிருப்பார்கள்.

கெட்டியான பிளாஸ்டிக்கை ஒட்டுவதற்கும் இந்த அதிர்வு உதவும் என்று 1963-ல் கண்டவர் ராபர்ட் சோலாஃப். அதுவும் திட்டம் போட்டு இல்லை. மேஜைமேல் இருந்த பிளாஸ்டிக் டேப் டிஸ்பென்சர் பக்கம் அதிரும் முனை தற்செயலாகப் போக, டிஸ்பென்சரின் இரண்டு பாதிகளும் ஒட்டிக்கொண்டன. பசையுள்ள டேப்பை வைத்திருந்த பெட்டி, பசையே இல்லாமல் ஒட்டிக்கொண்டது.

இப்படி அதிர்ந்து ஒட்டும் இன்றைய வெல்டிங் மெஷினிலும் வேலை செய்வது லாஞ்சவன் சாண்ட்விச்தான். குவார்ட்ஸ் போய் செராமிக் வட்டு வந்திருக்கிறது. செராமிக்குக்கு ஒரு குணம்: ஓங்கி அமுக்கினாலும் தாங்கும், கொஞ்சம் இழுத்தால் விரிசல் விடும். அதனால் நடுவில் போல்ட் போட்டு எப்போதும் இறுக்கியே வைத்திருப்பார்கள். அதன் முன்னால் அதிர்வைக் கடத்தும் டைட்டானியம் ஹார்ன். வினாடிக்கு 20,000 அதிர்வு என்றால் அதன் நீளம் சுமார் 12.5 செ.மீ. அளவு பிசகினால் சூடாகும், அலறும், கடைசியில் உடைந்தே போகும். முனையை ஒல்லியாக்கினால் ஆட்டம் கூடும். கூடிக் கூடி எவ்வளவு? சில பத்து மைக்ரான். இத்தனை அலட்டலும் ஒரு தலைமுடி கனத்துக்குத்தான்!

ஆனால் அந்த ஆட்டம் போதும், பிளாஸ்டிக் உருகி ஒட்டிவிடும். சாணைப் பொடி கலந்த நீரை ஊற்றினால் கண்ணாடியில் சதுர ஓட்டைகூடப் போடலாம். கோவிட் மாஸ்க்கின் காது நாடாவை ஒட்டியதும் இதே வித்தை. அது என்ன 20,000 கணக்கு? அதற்கு மேல் போனால் மனிதக் காதுக்கு எட்டாது. மேல்வீட்டில் நாற்காலி இழுத்தாலே டவுன் கவுன்சிலுக்கு மெயில் பறக்கும் சிங்கப்பூரில் இதைவிடப் பெரிய நாகரிகம் உண்டா?

சிங்கப்பூருக்கு இந்த ஒட்டுக் குடும்பத்தோடு பழைய சம்பந்தம். 1968 அக்டோபரில் வந்த சிப் கம்பெனி டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், முடிவெடுத்த 50 நாளில் உற்பத்தியைத் தொடங்கியதை லீ குவான் யூ நினைவுக் குறிப்பில் பெருமையாக எழுதியிருக்கிறார். பெருமை தலைவர்களுக்கு, கண்வலி மைக்ரோஸ்கோப்பில் குனிந்து முடியைவிட மெல்லிய கம்பியைச் சிப்பில் ஒட்டிய பெண்களுக்கு.

இப்போது அதை மெஷின் செய்கிறது. அந்த மெஷினுக்குப் பேர்போன கூலிக் அண்ட் சோஃபா, 1951-ல் பிலடெல்ஃபியாவில் பிறந்த கம்பெனி. அதன் தலைமையகம் இன்று சிராங்கூன் நார்த்தில். சிராங்கூன் ரோட்டு நகைக்கடையில் 916 தங்கம் விளக்கொளியில் மினுக்கும். இந்த மெஷினில் ஓடுவதோ 99.99 சதவீதச் சொக்கத் தங்கம், யார் கண்ணிலும் படாமல் சிப்புக்குள் போய்விடும். ஒரு தீப்பொறி கம்பி நுனியை உருக்கிக் குண்டுமணியாக்கும். ஹார்ன் முனையில் இருக்கும் ஊசி அதைச் சூடான சிப்பில் அழுத்தி, வினாடிக்கு லட்சம் தடவை அளவில் அதிரும். ஒட்டியாச்சு. பொடி இல்லை, ஊதுகுழல் இல்லை, வினாடிக்குப் பத்து ஒட்டுக்கு மேல். ஆசாரியிடம் சொன்னால் நம்பமாட்டார், சேதாரம் எங்கே என்று கேட்பார்.

தங்கம் விலை ஏற ஏற, பெண்ணைப் பெற்ற அப்பாக்களைப் போலவே சிப் கம்பெனிகளும் கையைப் பிசைந்தன. பிறகு நிறைய கம்பெனிகள் தாமிரத்துக்குத் தாவின. தாமிரமோ முரடு: ஓங்கி அழுத்தினால் அடியில் சிப் விரியும், காற்றுப் பட்டால் கறுக்கும். நைட்ரஜனும் ஹைட்ரஜனும் ஊதி, அழுத்தத்தையும் அதிர்வையும் திருப்பித் திருப்பிச் சரிபார்த்து இன்ஜினியர்கள் வழிக்குக் கொண்டுவந்தார்கள். அந்தச் சிப் இப்போது உங்கள் போனில் இருக்கலாம். தங்கம் போட்டு அனுப்பினார்களா, தாமிரம்தானா என்று கேட்க அதற்கு ஒரு மாமியார் கிடையாது.