ஆளுக்கு ஒரு டாலர் மொய்

கல்யாண வீட்டுப் பந்தியில் ஒரு பெரியப்பா நிற்பார். தோளில் துண்டு, குரலில் அதிகாரம். ‘டேய், அந்த இலைக்கு இன்னும் ரெண்டு ஜாங்கிரி வை, இந்த இலைக்கு நெய்யை நல்லா ஊத்து’ என்று மண்டபமே கேட்க அதட்டுவார். சாப்பிட்டு எழுந்தவர்கள் அவரைக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். வட்டிக்கு வாங்கிப் பந்தி போட்ட பெண்ணின் அப்பன் சமையற்கட்டு ஓரத்தில் நின்று, காலியாகிற நெய் டின்களை எண்ணிக்கொண்டிருப்பான். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

இந்தப் பெரியப்பாவைக் கோட்டு சூட்டில் பார்க்க வேண்டுமானால் கலிஃபோர்னியாவின் தலைநகர் சாக்ரமெண்டோவுக்குப் போக வேண்டும். அங்கே அவருக்குச் சட்டமன்றம் என்று பெயர். நெய் டின்னை எண்ணுகிற அப்பனுக்குப் பள்ளி மாவட்டம் என்று பெயர்.

அமெரிக்காவில் அரசுப் பள்ளிகளை நடத்துவது பெரும்பாலும் பள்ளி மாவட்டங்கள்தான். ஊர்மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் வாரியம், தனி பட்ஜெட், தனி அலுவலகம். கலிஃபோர்னியாவில் இப்படி ஏறக்குறைய ஆயிரம் மாவட்டங்கள். முன்பெல்லாம் பணம் போதாவிட்டால் சொத்து வரியை உயர்த்திக்கொள்ளலாம். 1978-இல் 13-ஆம் முன்மொழிவை மக்கள் நிறைவேற்றி, சொத்து வரியை மதிப்பில் ஒரு சதவீதத்தோடு கட்டிப்போட்டார்கள். இன்று மாவட்டம் மனைக்கு இவ்வளவு என்று தனி வரி போட வேண்டுமானால் வாக்காளர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் கை தூக்க வேண்டும். ஆக, அப்பனின் கையைப் பின்னால் கட்டியாகிவிட்டது. பெரியப்பாவின் வாயைத்தான் யாரும் கட்டவில்லை.

அதையும் கட்டிப் பார்த்தார்கள். 1979 நவம்பரில் 4-ஆம் முன்மொழிவு வந்தது. உள்ளாட்சி அமைப்புகள் மீது மாநிலம் புதிய வேலையைச் சுமத்தினால் அதற்கான பணத்தையும் மாநிலமே தர வேண்டும் என்று அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். கட்டளை போட்டவன் காசு கொடு, அவ்வளவுதான். சின்னக் குழந்தைக்கும் புரியும். ஆனால் சட்டமன்றத்தில் சின்னக் குழந்தைகள் இல்லையே.

காசு கொடுக்க ஒரு வழிமுறை வேண்டுமல்லவா? 1985-இல் மாநிலக் கட்டளைகள் ஆணையம் என்று ஒன்று வந்தது. புதிய சட்டம் வந்தால் ஏதாவது ஒரு மாவட்டம் அங்கே போய் ‘இது புதிய சுமை’ என்று மனு போட வேண்டும். ஆணையம் விசாரித்து, சுமைதான் என்று ஒப்புக்கொண்டு, எந்தெந்தச் செலவைக் கேட்கலாம் என்று விதி எழுதி, மாநிலம் முழுக்க எவ்வளவு ஆகும் என்று மதிப்பிடுவதற்குள் வருடங்கள் ஓடிவிடும். அதுவரை வேலையைச் செய்யாமல் இருக்க முடியாது. சட்டம் சட்டம்தான்.

மாவட்ட அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா அம்மாவை நினைத்துப் பாருங்கள். பள்ளிக்கு ஒழுங்காக வராத பிள்ளையின் வீட்டுக்குக் கடிதம் அனுப்புவது ஒரு கட்டளை. அவர் கடிதம் எழுத வேண்டும். எழுதியதைக் குறிக்க வேண்டும். வேறு பல கட்டளைகளுக்கு, எதற்கு எத்தனை நிமிடம் என்று அன்றன்றைக்கே தாளில் ஏற்ற வேண்டும். பின்னால் கணக்கை ஒட்டுமொத்தமாக எழுதினால் செல்லாது. சில வருடம் கழித்து மாநிலத் தணிக்கைக்காரர் வருவார். ‘அன்றைக்கே எழுதிய பதிவு எங்கே?’ என்பார். இல்லையென்றால் கேட்ட தொகையில் ஒரு கோடு. இந்த மனு எழுதும் வேலை இருக்கிறதே, அதுவே மாநிலம் சுமத்திய ஒரு வேலை என்று ஆணையம் ஏற்றுக்கொண்டு, மனு எழுதிய செலவுக்கும் மனு போட வழி செய்தது. கடன்காரனைத் தேடிப் போன பஸ் டிக்கெட்டுக்கும் அவனிடமே கைநீட்டி நிற்கிற கதை.

இவ்வளவையும் தாண்டி வந்த மனுக்களுக்குச் சட்டமன்றம் என்ன கொடுத்தது? மொய் எழுதியது. 2002-க்குப் பிறகு வந்த பட்ஜெட்டுகளில், பள்ளிகள் மீதான கட்டளை ஒவ்வொன்றுக்கும் நேராக 1,000 டாலர் ஒதுக்கினார்கள். மாவட்டத்துக்கு ஆயிரம் என்று நினைத்துவிடாதீர்கள். மாநிலம் முழுமைக்கும் ஆயிரம். மாவட்டங்களும் ஏறக்குறைய ஆயிரம். ஆளுக்கு ஒரு டாலர். மீதி பிறகு தருவார்களாம். ஒன்றுமே ஒதுக்காவிட்டால் கட்டளை அந்த வருடம் உயிரோடு இருக்காதே. ஆயிரம் டாலர் போட்டால் கட்டளைக்கும் உயிர் இருக்கும், கஜானாவுக்கும் வலிக்காது. கல்யாணத்தில் பதினோரு ரூபாய் மொய் எழுதிவிட்டு நாலு பேரோடு வந்து மூன்று வேளையும் சாப்பிட்டுப் போகிறவனைக்கூட ஊர் மன்னித்துவிடும். அவனாவது அடுத்த விசேஷத்தில் முகத்தை மறைத்துக்கொள்வான்.

பள்ளி வாரியங்களின் சங்கம் வழக்குப் போட்டது. இப்படி ஒத்திப்போடுவது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 2008-இல் நீதிமன்றம் சொன்னது. 2011-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே சொன்னது. அப்படியானால் ஏற்கெனவே நிலுவையில் இருந்த ஏறக்குறைய 90 கோடி டாலர்? அதைக் கொடு என்று சட்டமன்றத்துக்கு உத்தரவிட நீதிமன்றத்தால் முடியாதாம், அதிகாரப் பிரிவினை குறுக்கே நிற்கிறதாம். நீ செய்தது தப்பு, கடன் கடன்தான், திருப்பிக் கொடு என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

2012-13 முதல் வேறு திட்டம் வந்தது. மனு, தாள், நிமிடக் கணக்கு எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள், தலைக்கு 28 டாலர் மொத்தமாக வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். டஜன்கணக்கான கட்டளைகளுக்கும் சேர்த்து, ஒரு பிள்ளைக்கு, ஒரு வருடத்துக்கு. குமாஸ்தா அம்மாவின் முதுகுவலி குறைந்திருக்கும். அந்த மட்டில் புண்ணியம். இன்னொரு தந்திரமும் உண்டு: பணம் கொடுக்கப் பிடிக்காத கட்டளையை ‘நிறுத்திவைத்து’விடுவது. சட்டப் புத்தகத்தில் இருக்கும், ஆனால் கட்டாயமில்லை. பள்ளிப் பேருந்துப் பாதுகாப்புக் கட்டளை அப்படி வருடக்கணக்கில் கிடந்தது. காசு போகாதவரை பாதுகாப்பு. காசு கேட்டால் விருப்பப் பாடம்.

கட்டளைகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1990-இல் ஒரு சட்டம் வந்தது. கடுமையான நடத்தைச் சிக்கல் உள்ள மாற்றுத்திறன் பிள்ளைகளை அடக்கி ஒடுக்காமல், ஒவ்வொருவருக்கும் தனித் திட்டம் வகுத்துப் பழக்க வேண்டும் என்றது. இதை வேண்டாம் என்று எந்தப் பாவி சொல்வான்? சொல்ல முடியாது என்பதுதான் பெரியப்பாவின் பலம். 1994-இல் மாவட்டங்கள் பணம் கேட்டு மனுப் போட்டன. ஆறு வருடம் கழித்து 2000-இல், ஆமாம், கொடுக்க வேண்டியதுதான் என்றது ஆணையம். பிறகு வழக்கு, பேச்சுவார்த்தை, மறுபடி ஆணையம். 2013-இல் சட்டமன்றம் தீர்வு கண்டது: அந்தக் கட்டளையின் பெரும்பகுதியையே நீக்கிவிட்டது. சட்டம் வந்தபோது ஆறு வயதாக இருந்த பிள்ளைக்கு அப்போது இருபத்தொன்பது வயது.

கட்சி வித்தியாசமும் இதில் கிடையாது. டெக்சாஸில் 2022 மே 24 அன்று உவால்டே ஊர்ப் பள்ளியில் 19 பிள்ளைகளும் 2 ஆசிரியைகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மறுவருடம் சட்டமன்றம் கூடி, ஒவ்வொரு பள்ளியிலும் துப்பாக்கி ஏந்திய காவலர் ஒருவர் நிற்க வேண்டும் என்று சட்டம் போட்டது. கொடுத்த பணம்: பள்ளிக்கு 15,000 டாலர், பிள்ளைக்குப் பத்து டாலர். காவலரின் ஆண்டுச் சம்பளத்துக்குப் பக்கத்தில்கூட இது வராது. ஆள் கிடைக்காவிட்டால் பயிற்சி பெற்ற பள்ளி ஊழியர் கையில் துப்பாக்கியைக் கொடுத்துக்கொள்ளலாமாம். இந்த மாநிலம்தான் பிள்ளை ஒன்றுக்குத் தரும் அடிப்படைத் தொகையை 2019 முதல் 2025 வரை 6,160 டாலரிலேயே நிறுத்தி வைத்திருந்தது. துக்க வீட்டிலும் இவர்களுக்கு ஓசிப் பந்தி. வாஷிங்டனில் இருக்கும் மத்திய அரசு மட்டும் யோக்கியமா? மாற்றுத்திறன் பிள்ளைகளின் கல்விக்கான 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தில், ஒரு பிள்ளைக்கு ஆகும் சராசரிச் செலவில் 40 சதவீதம் வரை தருவதாகக் கை நீட்டிச் சொன்னார்கள். அரை நூற்றாண்டில் ஒரு வருடம்கூட அந்த நாற்பதைத் தொட்டதில்லை.

ஆனாலும் சாக்ரமெண்டோவின் மூளைக்கு ஈடில்லை. 1983-இல், உயர்நிலைப் பள்ளியை முடிக்க அறிவியலில் இரண்டு பாடங்கள் தேறியிருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அதற்கு முன் ஒன்று போதும். பாடம் என்றால் வெறும் சாக்பீஸ் இல்லை. எரிவாயுக் குழாய், கழுவுதொட்டி, புகை போக்கி, அமிலப் புட்டிகளைப் பூட்டி வைக்க அலமாரி, கண்ணில் தெறித்தால் கழுவ நீர்க்குழாய், முப்பது பிள்ளைகளுக்கு முப்பது கண்ணாடி, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு ஆசிரியர். மாவட்டங்கள் இதற்குப் பணம் கேட்டபோது, ‘வேறு ஒரு பாடத்தை நிறுத்திவிட்டால் செலவு சரியாகிவிடுமே’ என்று அரசுத் தரப்பு வாதாடியது. அதாவது, இசை வகுப்பை இழுத்து மூடி அந்தக் காசில் ஆய்வகம் கட்டிக்கொள். அது எடுபடவில்லை.

2010-இல் இன்னொரு சட்டம் போட்டார்கள். பள்ளிகளுக்கு மாநிலம் வழக்கமாக, எல்லாச் செலவுக்கும் சேர்த்துத் தருகிற பொதுப் பணம் இருக்கிறதல்லவா? இந்த அறிவியல் ஆசிரியர்களின் சம்பளத்துக்கான பணம் அதிலேயே அடக்கம் என்றார்கள். புதிதாக ஒரு சென்ட் வரவில்லை. மாதாமாதம் வீட்டுச் செலவுக்குக் கொடுத்த பணத்தைக் காட்டி, ‘வாங்கின கைமாத்தைத்தான் அதிலேயே கழிச்சுட்டேனே’ என்கிற புருஷனைப் பார்த்திருப்பீர்கள்.

சங்கம் மறுபடி வழக்காடியது. 2019 டிசம்பரில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது: மாநிலம் செய்தது செல்லும்.

இரண்டாவது அறிவியல் பாடம் இன்றும் கட்டாயம். அதற்கான ஆசிரியர் சம்பளம், கணக்குப்படி, கொடுத்தாகிவிட்டது.