இலவசத் தூக்கத்துக்கு நாலே முக்கால் லட்சம்

எங்கள் குடும்பத்தில் யாரும் தன் கையால் காசை எடுத்துக் கொடுத்து ஒரு பொருளை வாங்கிவிட முடியாது. மச்சான் விடமாட்டான். "இன்னா மாமா, கேஷ்ல குடுத்துட்டு வந்து நிக்கிற? ஒரு போன் பண்ணியிருந்தா நான் கார்டுல போட்டிருப்பேன்ல?" என்பான். சாவு வீட்டில் விசாரிக்கிற குரலில் கேட்பான்.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை. பகலெல்லாம் கன்டெய்னர்களுக்குக் காகிதம் எழுதுவான். ராத்திரியில் கிரெடிட் கார்டு பாயிண்ட் எண்ணுவான். எங்கள் வடசென்னை எர்ணாவூரில் யார் வீட்டு வாஷிங் மெஷின் நின்றுபோனாலும் முதலில் மலர்கிற முகம் அவனுடையதுதான். "கவலைப்படாதீங்கண்ணே, என் கார்டுல எடுத்துக்கலாம். எனக்கு நீங்க மெதுவா குடுங்க" என்று ஆறுதல் சொல்வான். பில் கட்டும் தேதிக்கு ஒரு வாரம் இருக்கும்போதே அந்த அண்ணன் வீட்டு வாசலில் மச்சானின் ஸ்கூட்டர் நிற்க ஆரம்பித்துவிடும்.

அவன் கார்டில் பெட்ரோலுக்குப் பாயிண்ட் கிடையாது. வீட்டு வாடகைக்கும் கிடையாது; முன்பு ஏதோ ஆப் வழியாக வாடகை கட்டிப் பாயிண்ட் சேர்த்தவர்கள் உண்டு, வங்கிகள் விழித்துக்கொண்டு அதை நிறுத்திவிட்டன. மிச்சமிருப்பது ஸ்கூல் பீஸ், இன்சூரன்ஸ், மளிகை, மற்றவர்களின் துரதிர்ஷ்டம்.

மீனையும் அவன் விட்டுவைக்கவில்லை. 2022-லிருந்து ரூபே கிரெடிட் கார்டை யுபிஐ-யில் இணைக்கலாம் என்று வந்ததும், குப்பத்து மீன்காரம்மாவின் கூடைமேல் ஒட்டியிருந்த க்யூஆர் அட்டையைப் பார்த்து அவன் கண் மின்னியது. ஸ்கேன் பண்ணினான். போகவில்லை. கடைக்காரர் கணக்காக இருந்தால் போகும், தனியாள் கணக்குக்குக் கிரெடிட் கார்டிலிருந்து பணம் போகாது என்பது விதி. மீன்காரம்மா என்ன விஷயம் என்று கேட்டார். மச்சான் விளக்கினான்: இப்போது வாங்குவேன், அடுத்த மாதம் கட்டுவேன், நடுவில் வங்கி எனக்குப் பரிசு கொடுக்கும். அந்தம்மா நெத்திலியை அளந்து போட்டுக்கொண்டே, "கடன்லயும் வாங்குவ, அதுக்கு உனக்கு இனாமும் வோணும். மொத்தத்துல எவன்டா மீனுக்குக் காசு குடுக்கிறான்?" என்றார்.

பொருளாதாரப் பேராசிரியர்கள் ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளும் கேள்வி அது. பதில் சின்னது. நாம் 100 ரூபாய்க்குக் கார்டைத் தேய்த்தால் கடைக்காரர் கைக்கு 98 ரூபாய் சொச்சம்தான் போகிறது. பிடித்த பணத்தில் பெரும்பங்கு கார்டு கொடுத்த வங்கிக்கு. அதிலிருந்து ஒரு கிள்ளு கிள்ளி நமக்குப் பாயிண்ட்டாகப் போடுகிறார்கள். போதாததற்கு, பில்லை முழுதாகக் கட்டாமல் 'மினிமம் டியூ' மட்டும் கட்டுகிறவர்களிடம் மாதம் மூணரை வட்டிக்கு மேல்கூட வாங்குகிறார்கள். எங்கள் தெருவில் மூணு வட்டிக்கு விடும் பைனான்ஸ்காரருக்கு ஊரெல்லாம் கெட்ட பேர். அவர் ஒரு பாயிண்ட் சிஸ்டம் ஆரம்பித்திருந்தால் பெரிய மனிதராகியிருப்பார்.

எம்.சி. ரோடு துணிக்கடைகளுக்கும் இந்தக் கணக்கு தெரியும். "கார்டுன்னா ரெண்டு பர்சென்ட் எக்ஸ்ட்ரா ஆவும்" என்று சிரித்த முகமாகச் சொல்வார்கள். பெரியம்மா பெண் கல்யாணத்துக்கு ஒரு லட்சத்துக்குப் புடவை எடுத்தபோது மச்சான் ஓடிவந்து தன் கார்டை நீட்டினான். எக்ஸ்ட்ரா 2,000 ரூபாயைப் பெரியம்மா தரமாட்டேன் என்றுவிட்டார். அதையும் தன் பாக்கெட்டிலிருந்து கொடுத்தான். அவன் கார்டில் 150 ரூபாய்க்கு 4 பாயிண்ட். ஓட்டல் அறைக்கு மாற்றினால் பாயிண்ட்டுக்கு 50 பைசா. ஆக அவனுக்குச் சேர்ந்தது 1,332 ரூபாய். வீட்டுக்கு வந்து, "இன்னிக்கி நல்ல வேட்டை மாமா" என்றான்.

இந்த வேட்டையைத் தொடங்கிவைத்தவர்கள் அமெரிக்கர்கள். 1981-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், அடிக்கடி பறக்கிறவர்களுக்கு மைல் கணக்கு வைத்தது. ஓட்டல்காரர்கள் சும்மா இருப்பார்களா? 1983-ல் ஹாலிடே இன், மாரியட் இரண்டும் பாயிண்ட் கொடுக்க ஆரம்பித்தன. எங்கள் மச்சானின் குலதெய்வமான டேவிட் பிலிப்ஸ் 1999-ல் வருகிறார். கலிபோர்னியாவில் சிவில் இன்ஜினியர். ஒரு உணவுக் கம்பெனி, பாக்கெட் மேலுள்ள பார்கோடை வெட்டி அனுப்பினால் விமான மைல் தருவதாக அறிவித்தது. அந்தக் கம்பெனியின் பொருள்களிலேயே மலிவு எது என்று அவர் கடை கடையாகத் தேடினார். 25 சென்ட்டுக்கு ஒரு கப் புட்டிங். சுமார் 3,140 டாலருக்கு 12,150 கப் வாங்கினார். உரித்து மாளவில்லை. புட்டிங்கைத் தானமாகத் தருகிறேன், பார்கோடை மட்டும் உரித்துக் கொடுங்கள் என்று சால்வேஷன் ஆர்மியிடம் பேசி முடித்தார். கிடைத்தது 12 லட்சம் மைலுக்கு மேல்.

இந்தக் கதையை மச்சான் சொல்லும்போது அவன் கண்ணில் தண்ணீர் தளும்பும். எங்கள் வீட்டு அத்தை மட்டும், "அவ்ளோ இனிப்பையும் ஏழைங்களுக்குக் குடுத்துட்டாரா? மவராசன்" என்றார்.

இந்தியாவில் சென்ட்ரல் பேங்க் ஆஃப் இந்தியா 1980-ல் கிரெடிட் கார்டு கொண்டுவந்தது. இன்றைக்கு நாட்டில் புழங்குகிற கார்டுகள் 10 கோடியைத் தாண்டிவிட்டன. பாயிண்ட் சேர்ப்பவர்கள் ஒரு தனி ஜாதியாகவே ஆகிவிட்டார்கள். பாயிண்ட்டை மிக்சி, டோஸ்டர் என்று மாற்றுகிறவன் இந்த ஜாதியில் தீண்டத்தகாதவன். அதில் பாயிண்ட்டுக்கு 50 பைசாகூடத் தேறாது. ஓட்டல் அறை, விமான டிக்கெட் என்று மாற்றுகிறவன்தான் ஞானி. ஞானிகளிலும் இரண்டு பிரிவு. வங்கியின் தளத்திலேயே அறை பிடிக்கிறவன் ஒருவன். பாயிண்ட்டை ஓட்டல் கம்பெனியின் கணக்குக்கு மாற்றி, அறை வாடகை எகிறுகிற நாளாகப் பார்த்துப் பிடிக்கிறவன் இன்னொருவன். ஒரே பாயிண்ட் ஒருவன் கையில் 50 பைசா, இன்னொருவன் கையில் ஒரு ரூபாய்.

எர்ணாவூருக்கு இதெல்லாம் புதிதில்லை. எங்களுக்குத் தீபாவளிச் சீட்டு இருக்கிறது. வாரம் நூறோ ஐம்பதோ கட்டினால் தீபாவளிக்கு முந்தின வாரம் ஸ்வீட், பட்டாசு, எண்ணெய் டின், வெள்ளிக்காசு என்று ஒரு பை வரும். அட்டையில் கட்டம் கட்டமாக டிக் அடித்துக் கொடுப்பார் சீட்டு அக்கா. கையில் இருப்பது பணமுமில்லை, பண்டமுமில்லை. தீபாவளி வரும் என்ற நம்பிக்கை. பாயிண்ட்டும் அதுதான். ஒரே ஒரு வித்தியாசம், சீட்டு அக்கா எங்கள் தெருவில் குடியிருக்கிறார். வருஷத்தின் நடுவில் வந்து, "இந்த மாசத்துலேர்ந்து ஒரு கிலோ ஸ்வீட் அரைக் கிலோ ஆயிடுச்சு, புது நிபந்தனைகளைப் படிச்சுப் பார்த்துக்கோங்க" என்று அவரால் சொல்ல முடியாது. சொன்னால் தண்ணி லாரி வரும்போது குடத்தோடு வெளியே தலைகாட்ட முடியாது.

வங்கிக்கு அந்தக் கஷ்டம் இல்லை. 2023 செப்டம்பரில் ஆக்சிஸ் வங்கியின் மேக்னஸ் கார்டில் 5 பாயிண்ட்டுக்கு 4 மைல் என்றிருந்தது 5-க்கு 2 என்றானது. மாதம் ஒரு லட்சம் செலவழித்தால் கூடுதலாகக் கிடைத்துவந்த 25,000 பாயிண்ட்டும் நின்றது. அது மச்சானின் வங்கி அல்ல. ஆனாலும் அன்றைக்கு அவன் ராத்திரிச் சாப்பாடு சாப்பிடவில்லை. உறவில் ஒரு பெரிய சாவு விழுந்தது போலத் துக்கம் காத்தான். காலையில் எழுந்ததும், "மாமா, நம்ம பாயிண்ட்டும் காலாவதியாகுறதுக்குள்ள எடுத்துடணும்" என்றான். குடும்பத்தோடு ஊட்டிக்குப் போவது என்று முடிவானது.

ஊட்டியில் பள்ளி விடுமுறைக்குப் பாயிண்ட்டில் அறை இல்லை. கொடைக்கானலிலும் இல்லை. ஏற்காட்டில் ஒன்று இருந்தது. நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே போய்விட்டது. கடைசியில் அந்தத் தேதியில் கிடைத்தது ஒரே ஒரு ஓட்டல். பெரிய ஓட்டல், ஐந்து நட்சத்திரம், நீச்சல்குளம் உண்டு. இருக்குமிடம் தேனாம்பேட்டை.

ஐந்து நட்சத்திர ஓட்டல் கட்டுகிறவர்களுக்குச் சென்னை பாரிமுனையோடு முடிந்துவிடுகிறது. அதனால் எர்ணாவூர்க்காரனுக்குத் தேனாம்பேட்டையும் சுற்றுலாத்தலம்தான் என்று மச்சான் வாதாடினான். விம்கோ நகரிலிருந்து ஒரே மெட்ரோ. 2021-ல் ரயில் வந்த பிறகு திருவொற்றியூர்த் தேரடி, தண்டையார்பேட்டை, மண்ணடி, சென்ட்ரல் என்று இறங்கி மாறாமல் போய்விடலாம். டிக்கெட் 50 ரூபாய்க்குள். பயணப் பாயிண்ட்டில் போன பயணத்துக்கு அவ்வளவுதான் பயணச் செலவு.

அறை வாடகை வரியோடு 9,000 ரூபாய். பாயிண்ட்டில் 70 சதவீதம்தான் கட்டலாம், அதற்கே 12,600 பாயிண்ட். மிச்சம் 2,700 ரூபாய் கையிலிருந்து. பாயிண்ட்டை எடுக்கக் கட்டணம் 99, அதற்கு ஜிஎஸ்டி, ஆக 116 ரூபாய் 82 காசு. நான் ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். 12,600 பாயிண்ட் சேர 4,72,500 ரூபாய்க்குக் கார்டைத் தேய்த்திருக்க வேண்டும். நாலே முக்கால் லட்சத்தில் நாலு வீட்டு வாஷிங் மெஷினும் ஒரு கல்யாணமும் அடக்கம். ஒரு ராத்திரித் தூக்கத்துக்கு ஒரு தெருவே உழைத்திருக்கிறது.

அத்தை வரமாட்டேன் என்றுதான் சொன்னார். அவர் இதுவரை வீட்டை விட்டு வெளியே தூங்கிய ராத்திரிகள் எல்லாம் ஊரே தூங்காத ராத்திரிகள். 2004-ல் சுனாமி. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் மிதந்து வீட்டுக்குள் வந்தது. அதே மாதம் 26-ம் தேதி நள்ளிரவில் கடலுக்குள் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, கட்டிய துணியோடு சனங்கள் ஓடினார்கள். கிடைத்த இடத்தில் படுத்தார்கள். "இப்போ எதுக்குடா வெளியே போய்ப் படுக்கணும்? ஒண்ணும் கசியலையே!" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பாயிண்ட் கசிகிறது என்று சொல்லி அழைத்துப் போனோம்.

ஓட்டல் வாசலில் பெட்டிகளை வாங்க ஓடிவந்த பையன் அத்தையின் கையிலிருந்த தூக்குவாளியையும் கேட்டான். உள்ளே வஞ்சிரக் குழம்பு. அவர் தரவில்லை. வரவேற்பில் இருந்த பெண் எங்கள் ஆதாரைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "சார், லோக்கல் அட்ரசா இருக்கே?" என்றார். சென்னைக்காரர்கள் சென்னையில் அறை எடுத்தால் வீட்டில் ஏதோ சண்டை என்று நினைப்பார்கள் போலிருக்கிறது. நாலு பேரையும் ஒருமுறை எண்ணி, எக்ஸ்ட்ரா பெட் ஒன்றுக்குத் தனியாகக் காசு என்றார். பிறகு டெபாசிட்டுக்குக் கார்டு கேட்டார். மச்சான் உற்சாகமாக நீட்டினான். அது பணத்தைப் பிடித்துவைப்பதுதான், செலவு இல்லை, பாயிண்ட் வராது என்றதும் அவன் கை லேசாகத் தளர்ந்தது.

அறை நன்றாகத்தான் இருந்தது. கட்டிலில் ஆறு தலையணை. அத்தை நாலை எடுத்து மடித்துவைத்த துணி மாதிரி நாற்காலியில் அடுக்கிவிட்டுக் கீழே பெட்ஷீட் விரித்துக்கொண்டார். மெனு அட்டையில் மசால் தோசையின் விலையைப் படித்த என் மனைவி அட்டையை மூடிய சத்தம் பக்கத்து அறைக்குக் கேட்டிருக்கும். தூக்குவாளி திறந்தது. ஐந்து நட்சத்திரத் தாழ்வாரம் முழுக்க எர்ணாவூர் மணத்தது. பாயிண்ட் போட்டு எங்கள் ஊரைத் தேனாம்பேட்டைக்குக் கொண்டுவந்துவிட்டோம்.

ஊர் திரும்பிய வாரமே புதுத் தீபாவளிச் சீட்டு ஆரம்பம். மச்சான் சீட்டு அக்காவிடம் போய், நமக்கு அஞ்சு சீட்டு, மொத்தத்தையும் இப்போதே கட்டிவிடுகிறேன், ஆனால் கார்டில் என்றான். அவர் தம்பி கடையில் ஸ்வைப் மெஷின் இருப்பது அவனுக்குத் தெரியும். அக்கா பேனாவைக் காதில் செருகிக்கொண்டார்.

"தேச்சா எனக்கு ரெண்டு பர்சென்ட் போவுமாமே?"

"ஆமாக்கா. ஆனா அதுல எனக்குப் பாயிண்ட் வரும்."

"அப்போ என் காசுலதான் நீ ஓட்டல்ல தூங்குற. சரி, தேய். உன் பையில மட்டும் ஒரு கிலோ ஸ்வீட் கம்மி."

மச்சான் போனை எடுத்துக் கணக்குப் போட்டான். திரும்பவும் போட்டான். ஒரு கிலோ ஸ்வீட், அவனுக்கு வரக்கூடிய பாயிண்ட்டைவிட அதிகம். நானறிந்து முதல்முறையாக, பர்சைத் திறந்து ரொக்கம் எண்ணினான்.