மலைக்கோட்டை, மஞ்சள் கட்டு, ஒரு பிளேட் பிரியாணி

மகாராஜபுரம், ராஜபாளையம் என்று எங்கள் பக்கம் ஊர்ப்பெயரில் ராஜாக்களுக்குப் பஞ்சமே இல்லை. மேற்கே திரும்பினால் மலைக்கும் பஞ்சமில்லை. ஆனால் சதுரகிரியில் குடியிருப்பவர் சுந்தர மகாலிங்கம். அவருக்கு எதற்குக் கோட்டை? மலை, கோட்டை, மூக்குப் பிடிக்கச் சாப்பாடு மூன்றும் ஒரே ஊரில் வேண்டுமென்றால் மதுரையைத் தாண்டித் திண்டுக்கல்லுக்குத்தான் பஸ் ஏற வேண்டும்.

வழியெல்லாம் திருமலை நாயக்கர் நினைப்புதான். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளுக்குப் பூஜை முடிந்த பிறகுதான் மதுரையில் அவர் இலை முன்னால் உட்காருவாராம். சேதி சொல்ல வழிநெடுக மணி மண்டபங்கள். எழுபது சொச்சம் கிலோமீட்டரில் ஒரே ஒரு மணிக்காரர் கண்ணயர்ந்தாலும் மகாராஜா அன்றைக்குப் பட்டினி! இதே கதையைத் திருச்செந்தூர்ப் பக்கம் கட்டபொம்மனுக்கும் சொல்வார்கள். சாப்பாட்டுக்குக் காத்திருக்காதவரை நம் ஜனங்கள் ராஜா என்றே ஒப்புக்கொள்வதில்லை போலிருக்கிறது.

திண்டுக்கல் கோட்டையைக் கட்டத் தொடங்கியவர் மதுரை முத்துகிருஷ்ணப்ப நாயக்கர், 1605-இல். ஆனால் இந்த மலையின் ஹீரோ அவரில்லை. 1755-இல் மைசூரிலிருந்து பௌஜ்தாராக, அதாவது படைத் தளபதியாக, போஸ்டிங் வாங்கி வந்த ஹைதர் அலி. எழுதப் படிக்கத் தெரியாது. கணக்கு? அதில் ஆசாமி கில்லாடி.

வில்க்ஸ் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி தன் மைசூர் சரித்திரத்தில் சொல்கிறார்: சண்டையில் காயம்பட்ட சிப்பாய்களுக்கு மைசூர் தர்பார் படி கொடுக்கும். ஹைதரிடம் நிஜமாகவே காயம்பட்டவர்கள் 67 பேர். சரிபார்க்க தலைநகரிலிருந்து அதிகாரி வந்து பார்த்தால், சுமார் 700 பேர் கையிலும் காலிலும் மஞ்சள் பூசிய துணிக்கட்டோடு நிற்கிறார்கள்! காயத்துக்கு மஞ்சள் வைத்துக் கட்டுவது அந்தக் கால வைத்தியம். போலி மெடிக்கல் பில் நம் ஆபீஸ்களின் கண்டுபிடிப்பு என்று இத்தனை நாள் நினைத்திருந்தீர்களா? அதற்குப் பேட்டன்ட் வாங்க வேண்டியவர் திண்டுக்கல்லில் இருந்தார்.

எதிரி எழுதிய சரித்திரம், கொஞ்சம் உப்பு புளி கூடுதலாகவே இருக்கும். ஆனாலும் சும்மா சொல்லக்கூடாது: அதே ஹைதர்தான் இங்கே பிரெஞ்சு இன்ஜினியர்களை வைத்து பீரங்கிப் பட்டறை போட்டார். பின்னாளில் இங்கிலீஷ்காரனின் தூக்கத்தைக் கெடுத்தார். ஆரம்ப முதலீட்டில் மஞ்சளுக்கும் ஒரு பங்கு உண்டு, அவ்வளவுதான்.

அப்புறம் கோட்டை பட்ட பாடு! 1783-இல் கம்பெனி பிடித்தது, 1784-இல் ஹைதரின் மகன் திப்புவிடம் திருப்பிக் கொடுத்தது, 1790-இல் மறுபடியும் பிடித்தது. பக்கத்து வீட்டுக்கு இரவல் போன இட்லிப் பாத்திரம்கூட இத்தனை தடவை கைமாறாது.

பாறையில் வெட்டிய படிகளில் மூச்சிரைக்க ஏறுங்கள். பீரங்கி இருக்கிறது, சுட ஆளில்லை. உச்சியில் கோயில் இருக்கிறது, மூலவர் இல்லை. சாமி எப்போதோ ஊருக்குள் இறங்கிவிட்டது என்கிறார்கள். வெயிலில் வெந்த பாறையில் ஐந்து நிமிடம் நின்றால், சாமி எடுத்தது சரியான முடிவு என்று உங்களுக்கே தெரியும்.

நீங்களும் இறங்குங்கள். கீழே சீரகச் சம்பா தம்மில் இருக்கிறது. பாசுமதி மாதிரி நீட்டி நிமிர்ந்து பந்தா காட்டாத பொடி அரிசி. சின்னச் சின்னதாக வெட்டிய ஆட்டுக்கறி. தொண்டையில் தாமதமாக வந்து சேரும் மிளகுக் காரம். 1957-இல் நாகசாமி நாயுடு ஆனந்த விலாஸ் என்று அழகாகப் பெயர் வைத்து பிரியாணிக் கடை திறந்தார். ஊர் அவர் தலையைப் பார்த்தது, போர்டைப் பார்க்கவில்லை. கடை தலப்பாக்கட்டி ஆகிவிட்டது.

நாயக்கர் கிரீடம், சுல்தான் தலைப்பாகை, துரையின் தொப்பி எல்லாம் இந்த மலையில் ஏறி இறங்கின. பிடித்த எவராலும் கோட்டையைக் கடைசிவரை வைத்துக்கொள்ள முடியவில்லை. சமையல்காரரின் தலைப்பாகையோ கடல் தாண்டிக் கொழும்பு வரை போய்க் கிளை திறந்துவிட்டது. அதுவும் ஒருத்தர் கையிலும் மஞ்சள் கட்டுப் போடாமல்.