குதூகலக் காரியதரிசி

மனிதர்கள் தாமாகவே சந்தோஷமாக இருந்துவிடுவார்கள் என்பதில் அணுவளவும் நம்பிக்கையில்லாத பிரகிருதி ஒருவர் நம்மிடையே உண்டு. முற்காலத்தில் இவர் கல்யாண வீடுகளில் பந்தி விசாரித்தும், பஜனை மடத்தில் சுண்டல் விநியோகத்தை மேற்பார்த்தும் மன நிறைவோடு காலம் தள்ளிவந்தார். அவ்விரு கைங்கரியங்களையும் ஒப்பந்தத்துக்கு எடுத்துச் செய்ய ஆட்கள் வந்துவிட்ட இந்நாளில், சென்னைக்குத் தெற்கே பழைய மகாபலிபுரம் சாலையோரத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் குடியேறி, அக்கம்பக்கத்துத் தம்பதிகளைக் குதூகலப்படுத்தும் பொறுப்பைத் தம் தலைமேல் போட்டுக்கொண்டிருக்கிறார். இவரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. இவருக்குச் சம்பளமும் கிடையாது. ஆயினும் இவர் இல்லாத குடியிருப்பு ஒன்றைக் காட்டுங்கள், நான் அங்கே குடிபோகத் தயார்.

மார்கழி பிறப்பதற்குச் சற்று முன்னால், ஆறு ஜோடிகள் ஒரு சனிக்கிழமை மாலை தம் வீட்டில் கூடி, குக்கிகளுக்கு ஐஸிங் அலங்காரம் செய்து உல்லாசமாகப் பொழுது போக்க வேண்டும் என்று காரியதரிசி தீர்மானித்தார். தீர்மானித்த மறுகணமே வாட்ஸ்அப்பில் நிகழ்ச்சி நிரல் வந்து விழுந்தது. 6.00 மணிக்கு வரவேற்பு, 6.10-க்கு ஏப்ரன் அணிதல், 6.15-க்குப் பயிற்சி உரை என்று ஒழுங்காக இறங்கி வந்த அந்தப் பட்டியலில், 7.10 முதல் 7.25 வரை 'தன்னிச்சையான கலகலப்பு' என்று ஒரு வரி கண்டது. பதினைந்து நிமிஷத்துக்குள் அது முடியாவிட்டால் என்ன செய்வது என்று மூன்றாம் மாடிக்காரர் விஷமமாகக் கேட்டதற்கு, ஐந்து நிமிஷம் கூடுதலாக ஒதுக்கியிருப்பதாக மிகுந்த சிரத்தையுடன் பதில் வந்தது.

அவருடைய ஞானத்தைக் குறைத்துச் சொல்வது பாவம். மாவில் பேக்கிங் பவுடர் சேர்த்தால் அடுப்பில் குக்கி உப்பிப் பரந்து, நட்சத்திரம் பூசணிப்பூவாகிவிடும் என்பதும், வெட்டிய மாவைக் குளிர்பெட்டியில் வைத்து இறுக்கிய பிறகே சுட வேண்டும் என்பதும், சுட்டது முற்றிலும் ஆறாமல் ஐஸிங்கைத் தொட்டால் அது உருகி வழியும் என்பதும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஓரம் கட்டுவதற்குக் கெட்டி ஐஸிங், நடுவே நிரப்புவதற்கு இளக்க ஐஸிங் என இரண்டு உண்டாம். கரண்டியால் எடுத்துக் கிண்ணத்தில் நாடாவாக விட்டால், விழுந்த தடம் சுமார் பத்து விநாடியில் மறைய வேண்டும், அதுவே நிரப்புவதற்குரிய பதமாம். இந்தப் பத்து விநாடியைக் கைக்கடிகாரத்தில் பார்த்து அவர் உரக்க எண்ணும்போது, விக்டோரியா மகாராணியின் 1840-ஆம் ஆண்டுக் கல்யாணக் கேக்குக்கு வெள்ளை பூசியவர்கள்கூட இத்தனை பயபக்தியுடன் நின்றிருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம் தோன்றிற்று.

அந்த ராஜரீக ஐஸிங்கில்தான் ஒரு தர்மசங்கடமும் ஒளிந்திருந்தது. ஐஸிங் சர்க்கரையோடு முட்டையின் வெள்ளைக் கருவை அடித்துச் செய்வது அது. வரவிருந்த ஆறு ஜோடிகளில் இரண்டு ஜோடி முட்டை தொடாதவர்கள். காரியதரிசி கலங்கவில்லை. 2014-இல் ழோயெல் ரோஸெல் என்ற பிரெஞ்சுப் பாடகர், பயறு வகைகள் வெந்த நீரும் வெள்ளைக் கருவைப் போலவே நுரைத்து நிற்கும் என்று கண்டுபிடித்ததையும், மறு வருஷம் கூஸ் வோல்ட் என்ற அமெரிக்கப் பொறியாளர் கொண்டைக்கடலை நீரையும் சர்க்கரையையும் மட்டும் வைத்தே காரியத்தைச் சாதித்ததையும் எங்கோ படித்து வைத்திருந்தார். நம் பாட்டிமார் தலைமுறை தலைமுறையாக அங்கணத்தில் கொட்டியும் ரசத்தில் சேர்த்தும் வந்த சுண்டல் தண்ணீருக்கு இப்படி ஒரு பட்டாபிஷேகம்! ஒரு முட்டையின் வெள்ளைக்கு இரண்டு மேஜைக் கரண்டி நீர் என்ற கணக்குடன் கொண்டைக்கடலையை வேகவைக்கும் ஆக்ஞை மனைவிக்குப் பிறந்தது. உப்பு கூடாது, பெருங்காயம் கூடாது, மஞ்சள் தூளை நினைக்கவே கூடாது என்று அவர் சமையலறை வாசலில் நின்று மூன்று தடவை சொன்னார். "அப்ப கடலையை என்னங்க பண்றது?" என்று அந்த அம்மாள் கேட்டாள். நிரலில் கடலையைப் பற்றி ஒன்றும் இல்லை.

குறித்த மாலையில் பயிற்சி உரை 6.50 வரை நீண்டது. கோனை எந்தக் கோணத்தில் சாய்ப்பது, நிறம் காய்ந்த பின் அடர்ந்துவிடுமாதலால் ஒரு பிடி வெளிறலாகவே கலக்க வேண்டியது, காற்றுக் குமிழியைப் பல்குத்தியால் உடைப்பது முதலிய நுட்பங்களை ஆண்கள் அனைவரும் குறிப்பெடுத்துக்கொள்ள, பெண்கள் கோனைக் கையில் வாங்கியவுடனே மருதாணி இட்ட பழக்கத்தில் கொடியும் இலையுமாக இழுத்து ஆளுக்கு இரண்டு குக்கிகளை முடித்திருந்தார்கள். இது நிரலுக்கு விரோதம் என்பதால் அந்தக் குக்கிகள் கணக்கில் சேர்க்கப்படவில்லை.

அதன்பின் விளையாட்டு: கணவன் கண்ணைக் கட்டிக்கொண்டு கோனைப் பிடிக்க வேண்டும், மனைவி வாயால் வழி சொல்ல வேண்டும். அன்பின் ஒற்றுமையை வளர்க்கும் என்று எங்கோ எழுதியிருந்ததாம். என் பக்கத்து மேஜையில் நடந்த சம்பாஷணையை அப்படியே தருகிறேன்.

"கொஞ்சம் இடப் பக்கம் போங்க."

"போயிட்டேன்."

"அது வலது."

"எனக்கு இடதும்மா."

"ஏங்க, வண்டி ஓட்டறப்பவும் இதேதான் சொல்றீங்க. அன்னிக்கு திண்டிவனத்துல திரும்பச் சொன்னா நேரே போயி..."

"அதுக்கும் மயிலுக்கும் என்ன சம்பந்தம்?"

"மயிலா? நான் ரொம்ப நேரமா பூசணிக்காய்க்குத்தானே வழி சொல்லிட்டிருக்கேன்!"

திண்டிவனத்தில் ஆரம்பித்த விசாரணை, மாமியார் ஊருக்குப் போகாமல் விட்ட ஒரு பொங்கல் வரையில் சென்று, சுற்றியிருந்த ஜோடிகளுக்கும் தத்தம் திண்டிவனங்களை ஞாபகப்படுத்தியதும், அறை முழுதும் ஏககாலத்தில் எழுந்த இரைச்சலில் சிரிப்பு எது சண்டை எது என்று பிரித்தறிய முடியாமல் போயிற்று. காரியதரிசி மட்டும் கடிகாரத்தைப் பார்த்தார். மணி 7.40. "தன்னிச்சையான கலகலப்பு நேரம் முடிஞ்சிடுச்சுங்க" என்று அவர் பணிவுடன் அறிவித்ததை ஒருவரும் காதில் வாங்கவில்லை.

நான் இவரைப் பரிகசிக்கிறேன் என்றாலும், வெறுக்க முடிவதில்லை. பகலெல்லாம் கணினியோடும் இரவெல்லாம் கைப்பேசியோடும் பேசிக்கொண்டிருக்கும் தம்பதிகளை ஒரு மேஜைக்கு இழுத்து வந்து, கைப்பேசியைத் தொட முடியாதபடி கையெல்லாம் சர்க்கரையைப் பூசிவிடுகிறாரே, அந்தத் தந்திரம் ஒன்றுக்காகவே இவருடைய பயிற்சி உரையைச் சகித்துக்கொள்ளலாம். தந்திரம் என்று அவருக்கே தெரியாது என்பதுதான் விநோதம். தம் வெற்றி அவ்வளவும் அந்தப் பத்து விநாடியில் இருப்பதாகவே நம்புகிறார்.

8.30-க்குப் பரிசளிப்பு, 8.45-க்கு அவரவர் குக்கிகளை அட்டைப் பெட்டியில் வைத்து விடைபெறுதல். ஆனால் ஐஸிங் காயவில்லை. நல்ல வறண்ட நாளிலேயே அது உள்ளும் புறமும் இறுக ஓர் இரவு பிடிக்கும். கடற்காற்றும் வடகிழக்குப் பருவ மழையும் சேர்ந்து வீசும் சென்னை டிசம்பரில் கேட்பானேன்? முதற்பரிசு பெற்ற மயிலை, அதாவது பூசணிக்காயை, ஒருவர் உற்சாகத்தில் தூக்கிக் காட்டவே, அதன் நீலம் அவர் முழங்கை வரை இறங்கிவிட்டது. ஆகவே தட்டுகளைச் சாப்பாட்டு மேஜைமேலேயே விட்டுவிட்டு எல்லோரும் வெறுங்கையுடன் கிளம்பினார்கள். வெறுங்கை என்றால் முற்றிலும் வெறுங்கையல்ல, அந்த அம்மாள் ஆளுக்கொரு தொன்னையில் தேங்காய்த் துருவல் போட்ட கொண்டைக்கடலைச் சுண்டல் கொடுத்தாள்.

சர்க்கரை பூசிய நாற்பது குக்கிகளை ஓர் இரவு முழுதும் திறந்து வைத்தால் யார் வருவார்கள் என்பதை நிரல் தயாரித்தபோது யோசிக்கவில்லை. இரவு பத்தரை மணிக்கு ஜன்னலோரத்தில் முதல் வரிசை தென்பட்டதாம். மேஜையின் நான்கு கால்களையும் நான்கு எவர்சில்வர் கிண்ணங்களில் நிறுத்தி, தண்ணீர் ஊற்றி, மின்விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டுக் காரியதரிசி விடிய விடியக் கையில் டார்ச்சுடன் காவல் இருந்தார். மறுநாள் காலை குழுவில் அடுத்த மாத நிகழ்ச்சிக்கான நிரல் வந்தது. அதில் புதிதாக ஒரு பதவி சேர்க்கப்பட்டிருந்தது: எறும்புப் பொறுப்பாளர், இருவர் தேவை, தம்பதியாக இருந்தால் உத்தமம்.